கடைசி மூன்று வரிகள்

அந்த மேசையில் விடைத்தாள் திருத்துநர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "இந்த நேரத்துக்குள் பத்து வரியையும் எடுத்து முடிக்க முடியுமா?" நான் சொன்னதும் ஒரே வரிதான். "எங்கள் பிள்ளைகள் நிறையப் பயிற்சி எடுத்தவர்கள்." அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

பொய் சொன்னேனா என்றால், இல்லை. பயிற்சி எடுத்தவர்கள்தான். ஆனால் அவர் கேட்டது அதுவா?

பள்ளிப் பிள்ளைகளுக்கான சர்வதேச இயற்பியல் ஒலிம்பியாடில் மாடரேஷன், அதாவது மார்க்கைப் பற்றித் திருத்துநரோடு உட்கார்ந்து பேசுவது, என்றால் பேரம்தான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. விடைத்தாளின் நகல் நம் கையிலும் இருக்கும். நாமும் தனியாகத் திருத்தி வைத்திருப்போம். திருத்துநர்கள் போட்ட மார்க்கும் நம் மார்க்கும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே பேச்சு. தியரிக்கு 30, எக்ஸ்பெரிமென்டுக்கு 20, ஆக மொத்தம் 50. இதில் 0.1, 0.2-க்காக மல்லுக்கட்டுவோம். மேலே வருகிற 8 சதவீதம் பேருக்குத் தங்கம், 25 வரை வெள்ளி, பாதிப் பேர் வரை வெண்கலம் என்று கோடு போடுகிற இடத்தில், கோட்டை ஒட்டி நிற்கிற பிள்ளைக்கு 0.1 சின்ன விஷயம் இல்லை. லீடர், அதாவது அணியைக் கூட்டிப்போகிற என்னைப் போன்ற ஆசிரியர், அங்கே போய் உட்காருவதே தன் பிள்ளைக்காகப் பேசத்தான். குறைத்துப் போட்டிருந்தால் கேட்க வேண்டும். கூட்டிப் போட்டிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை; நானும் கேட்டதில்லை.

எங்கள் அணிப் பெண் ஒருத்தி எக்ஸ்பெரிமென்டில் எழுதிய அந்த அட்டவணை இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஸ்பிரிங்கில் எடையைத் தொங்கவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் எடுக்க வேண்டும். பத்து எடைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை. ஐந்தாவது வரியில் 14.31, 14.52, 14.38. கட்டைவிரலால் அழுத்துகிற கடிகாரத்தில் எண்கள் இப்படித்தான் வரும், 0.1, 0.2 வினாடி முன்னே பின்னே போகும். ஆறாவது வரியில் ஒன்றை அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்தி எழுதியிருந்தாள். எட்டாவது வரியிலிருந்து அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. 17.20, 17.21, 17.20. அடுத்த இரண்டு வரிகளும் அதே மாதிரி. கிராஃபில் முதல் ஏழு புள்ளிகளும் கோட்டுக்கு மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தன. கடைசி மூன்றும் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தன.

எடுக்காமலே எழுதிய எண்களோ என்று சந்தேகப்பட, ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்த எவருக்கும் இது போதும். அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் கேட்டார், அதுவும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

சரி, நடக்கவே நடக்காததா? கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று வரிக்கு ஒன்பது ரீடிங், ஒவ்வொன்றும் 18 வினாடி என்று வைத்தால் மூன்று நிமிடம்கூட வராது. எடை மாற்ற, ஆட்டம் அடங்கக் காத்திருக்க இன்னும் இரண்டு மூன்று நிமிடம். கடைசிப் பத்து நிமிடத்தில் செய்து முடிக்கலாம்தான். ஏழு வரி எடுத்த கை எட்டாவதில் பழகியும் இருக்கலாம். ஆனால் அதே பத்து நிமிடத்துக்குள் கிராஃப் போட்டு, சாய்வு கண்டுபிடித்து, பிழைக்கணக்கும் முடித்திருந்தாள். அங்கே வந்ததும் என் கணக்கு நின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைசி மூன்று வரியை எடுத்துவிட்டாலும் அவளுக்கு விடை சரியாகவே வந்திருக்கும். இயற்பியல் தெரிந்த பிள்ளை. சந்தேகம் அந்த வரிகளைப் பற்றி மட்டும்தான்.

தேர்வுகள் முடியும்வரை எங்களையும் பிள்ளைகளையும் பிரித்தேதான் வைப்பார்கள், போனும் அவர்களிடம் இருக்காது. முந்தின நாளே வினாத்தாளைப் பார்த்து, விவாதித்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து மொழிபெயர்ப்பவர்கள் நாங்கள்தானே. எக்ஸ்பெரிமென்ட் முடிந்த அன்று சாயங்காலம்தான் சேர்ந்தோம். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவள் மட்டும் கொஞ்சம் பொறுத்து, என் பக்கத்தில் வந்து சொன்னாள். "கடைசில நேரமே பத்தல சார். ஆனா டேபிளைப் பாதியில விடல."

மேசையில் அந்தக் கேள்வி வந்தபோது என் காதில் கேட்டது இதுதான். கேட்டது என்று இப்போது சொல்கிறேன். அப்போது கேட்டதா, பிறகு நானே கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டேனா, எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

"டேபிளைப் பாதியில் விடாதீர்கள்" என்பது என்னுடைய வாக்கியம். பயிற்சி முகாமில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். எத்தனை ரீடிங், எவ்வளவு இடைவெளி, அச்சில் அலகு எழுதினாயா, கிராஃப் தாளை முழுக்கப் பயன்படுத்தினாயா என்று ஒவ்வொன்றுக்கும் மார்க்கிங் ஸ்கீமில் தனித்தனியாகக் கொடுப்பார்கள். அதைச் சொல்லிக்கொடுப்பதில் தவறில்லை, கெட்டிக்காரப் பிள்ளைகள் இதில்தான் கோட்டை விடுவார்கள். பாதியில் விடாதே என்றால் சீக்கிரம் தொடங்கு, நேரத்தைப் பங்கிட்டுக்கொள் என்று அர்த்தம். அப்படித்தான் நினைத்துச் சொன்னேன். நேரம் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒருநாளும் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். எடுக்க முடியாத ரீடிங்கைக் காலியாக விட்டுவிடுங்கள் என்கிறேன். போன முகாமில் ஒரு பையன், "மார்க் போயிடுமே சார்?" என்றான். போகும் என்றேன். அவன் மேற்கொண்டு ஏதோ கேட்க வந்து, நான் பலகைப் பக்கம் திரும்பியதும் விட்டுவிட்டான்.

1967-ல் வார்சாவில் முதல் போட்டி நடந்தபோது வந்தது ஐந்து நாடுகள், நாட்டுக்கு மூன்று மாணவர்கள். ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பழகியிருப்பார்கள். இன்றைக்கு நாடுகள் பல மடங்கு ஆகிவிட்டன, ஆனாலும் இதெல்லாம் ஓடுவது அதே நம்பிக்கையில்தான். வினாத்தாளை முந்தின நாளே எங்கள் கையில் தருகிறார்கள். அந்தத் திருத்துநர் ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, முன்பின் தெரியாத என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதிலை அப்படியே எடுத்துக்கொண்டார்.

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? அந்த மேசைக்கு அவளைக் கூப்பிட்டுக் கேட்க வழியில்லை. ஒரு வேளை அவள் உண்மையிலேயே எடுத்திருந்தால், தன் ஆசிரியரே தன்னைக் காட்டிக்கொடுத்தார் என்று வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள். பதினேழு வயது. இதை நினைக்கும்போது நான் செய்தது சரி என்று தோன்றுகிறது. அப்புறம் அந்த 17.20 ஞாபகத்துக்கு வருகிறது.

அந்த மூன்று வரியின் மதிப்பு 0.4. அன்று ராத்திரி மார்க் பட்டியல் வந்ததும் நான் முதலில் பார்த்தது, 0.4-ஐக் கழித்தால் அவள் பதக்கம் போகுமா என்றுதான். போகாது. 0.4 போனாலும் கோட்டுக்கு மேலேதான் இருந்தாள். அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் கூச்சமாக இருக்கிறது. அவள் எடுத்துத்தான் எழுதினாள் என்று முழுமனதாக நம்பியிருந்தால் எதற்குக் கழித்துப் பார்த்தேன்?

நிறைவு விழா முடிந்து வெளியே வரும்போது, மெடலைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "சார், என் டேபிளைப் பத்தி எதுவும் கேட்டாங்களா?"

"இல்லம்மா, ஒண்ணும் கேக்கல" என்றேன்.

"சரி சார்" என்றாள். ஆனால் நகரவில்லை. மற்ற நாலு பேரும் படிக்கட்டில் நின்று போட்டோவுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ரிப்பனைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக அங்கேயே நின்றாள். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

பையெல்லாம் கட்டியாச்சா என்று கேட்டேன்.