82-0, 0-18

2008 செப்டம்பரில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஸ்லோவாக்கியா பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி பல்கேரியாவை 82-0 என்று வென்றது. அதே ஸ்லோவாக்கியா 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் கனடாவிடம் 0-18 என்று தோற்றது. அந்த ஸ்கோரைப் பார்க்கும்போதெல்லாம் கோல்கீப்பரை நினைத்து மனசு கனக்கும்.

அப்போது எட்டு அணிகள், நான்கு நான்காக இரண்டு பிரிவுகள். வலுவானதும் புதியதும் ஒரே பிரிவில்.

2014 சோச்சி ஒலிம்பிக்கில் இந்தப் பிரிவு முறையை மாற்றினார்கள். தரவரிசையில் முதல் நான்கும் ஏ பிரிவு, மீதி நான்கும் பி பிரிவு. ஏ-யின் முதல் இரண்டு நேராக அரையிறுதிக்கு. அடுத்த இரண்டும் பி-யின் முதல் இரண்டோடு காலிறுதி ஆட வேண்டும். பிரிவு ஆட்டம் மூன்றிலும் தோற்ற சுவிட்சர்லாந்து, பி-யில் முதலிடம் பிடித்த ரஷ்யாவைக் காலிறுதியில் வென்று, கடைசியில் வெண்கலமும் வாங்கியது. ரஷ்யாவுக்கு இது அநியாயம் இல்லையா என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுவிஸ் தோற்றது கனடா, அமெரிக்கா, பின்லாந்திடம்! பி-யில் இரண்டாவதாக வந்த சுவீடன் பின்லாந்தையே வெளியேற்றியதே, அதுவும் இதே முறையில்தான்.

அந்த முறையில் புது அணிகளுக்கு முதலில் சம பலத்தோடு மூன்று ஆட்டம், முதல் இரண்டில் வந்தால் அப்புறம் பெரிய அணியோடு ஒன்று. வளரும் அணிக்கு அந்த வரிசை ரொம்ப முக்கியம்.