இஸ்தான்புல்லில் பாட்டுக் கேட்ட இடங்கள்: ஒரு நடைவழி

உஸ்மானியர் கால இசையைத் தேடி இஸ்தான்புல் போகிறவர்கள் பெரும்பாலும் சுழன்றாடி வழிபடும் சூஃபித் துறவிகளான தர்வேஷ்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊர்ச்சனம் பாட்டுக் கேட்டது காப்பிக் கடையிலும் மதுக்கடையிலும்தான். அந்த இடங்களை அரை நாளில் நடந்தே பார்க்கலாம். ஞாயிறு வேண்டாம், கடைத்தெருக்களில் பாதி மூடியிருக்கும்.

டி1 டிராமில் லாலெலி நிறுத்தத்தில் இறங்கி ஷெஹ்ஸாதேபாஷிக்குப் போங்கள். 19ஆம் நூற்றாண்டின் ரமலான் இரவுகளில் நகரமே இங்கேதான் திரண்டது. நோன்பு துறந்ததும் நாடகக் கொட்டகை, காராகோஸ் நிழற்கூத்து, வாத்தியக் காப்பிக் கடை என்று விடியுமுன் உண்ணும் சஹர் வேளை வரை கூட்டம் கலையாது. இந்தத் தெருவின் பேர்போன தூண் வரிசை இன்று இல்லை. தேடி அலைய வேண்டாம்.

வாத்தியக் காப்பிக் கடைகளை வளர்த்தவர்கள் துலும்பாஜிகள், அதாவது தண்ணீர்ப் பம்பைத் தோளில் சுமந்து ஓடிய தீயணைப்புக்காரர்கள். கடைக்குள் வண்ணக் காகிதத் தோரணம், மேடையில் கிளாரினெட், தர்புகா என்ற கைமுரசு, இடுக்கிபோல் இருக்கும் ஜால்ரா. 'மானி' என்ற நாலடிப் பாட்டில் சிலேடையால் ஒருவரையொருவர் மடக்குவார்கள். விடுகதையைச் சுவரில் தொங்கவிடுவார்கள், விடுவித்தவருக்குப் பரிசு. நம்மூர் லாவணிப் போட்டி பார்த்தவர்களுக்கு இந்தச் சூடு விளங்கும்.

அங்கிருந்து சுலைமானியே மசூதி வழியாக இறங்கினால் தஹ்தகலே. அலெப்போ, டமாஸ்கஸ் நகரங்களைச் சேர்ந்த இருவர் 1550களில் இங்கே காப்பிக் கடை திறந்ததாக வரலாற்றாசிரியர் பெச்செவி எழுதுகிறார். நாலு பேர் கூடிப் பேசும் இடம் அரண்மனைக்கு உறுத்தியது. 1633இல் சுல்தான் நான்காம் முராத் எல்லாக் காப்பிக் கடைகளையும் மூடவைத்தார். தடை நிலைக்கவில்லை.

கலாத்தா பாலம் கடந்து காராக்கோய் பகுதியில் 1875இல் திறந்த த்யூனெல் சுரங்க ரயிலில் ஏறுங்கள், செங்குத்து ஏற்றம் மிச்சம். மேலே, சுழலும் தர்வேஷ்களின் பிரிவான மெவ்லெவிகளின் கலாத்தா மடம், 1491இல் தொடங்கியது, இப்போது அருங்காட்சியகம். மடத்தின் இசை வழிபாடு, கேளிக்கை அல்ல. ஆனாலும் நகரத்தின் நல்ல இசைவாணர்கள் பலர் மெவ்லெவி மடங்களில் பயின்றவர்கள்.

இஸ்திக்லால் தெருவில் சிச்செக் பசாஜி கட்டடம் நிற்பது நவூம் தியேட்டர் இருந்த மனையில். வெர்டியின் ஆப்பராக்கள் அரங்கேறிய அந்தத் தியேட்டர் 1870இல் பேரா (இந்தப் பகுதியின் பழைய பெயர்) பற்றி எரிந்த தீயில் அழிந்தது. பின்தெருவில் மதுக்கடைகள். இந்தத் தொழிலைப் பெரும்பாலும் நடத்தியவர்கள் கிரேக்கர்களும் ஆர்மீனியர்களும். அந்தக் காலத்தில் ரமலானில் கதவு அடைப்பார்கள். இன்றும் மேசையருகே வந்து கானூன் என்ற தந்தி வாத்தியம், வயலின் வாசிப்பார்கள். வாசிக்கவிட்டால் காசு எதிர்பார்ப்பார்கள். வேண்டாமென்றால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.