நாலு நிமிஷம்

கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் பதினேழு வருஷம் உட்கார்ந்திருந்தேன். 1983இல் சேர்ந்தபோது, என்ன வேலை என்று அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, கேட்டார். "கேட்ல டோக்கன் வாங்கி வைக்கிறதுங்க" என்றேன். அவர் முப்பத்தைந்து வருஷம் மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மெஷினைப் பார்த்தவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நீ வேலைக்குப் போறவனில்ல, போறவனை எண்ணுறவன்" என்றார். பாராட்டா, திட்டா என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

வேலை சுலபமானதுதான். ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. கேட் பக்கத்துப் பலகையில் இருந்து தன் டோக்கனை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். ஏழு மணிச் சங்கு ஊதியதும் நான் பெட்டியை மூடிவிடுவேன். அதற்குப் பிறகு பத்து நிமிஷம் வரை வந்தால் அரை மணி நேரச் சம்பளம் போகும். அதையும் தாண்டினால் வீட்டுக்குத்தான். கேட்டுக்கு வெளியே காத்திருக்கும் பதிலி ஆள் அவர் மெஷினுக்குப் போவார். பதிலிகள் கேட் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்குத் தாமதமானால்தான் இன்னொருவருக்கு அன்றைக்குக் கூலி. அந்த ஏற்பாட்டின் கொடூரம் எனக்கு உறைக்கவே சில வருஷங்கள் ஆயின.

அப்புறம் கடிகாரம். கேட்டில் ஒன்று, ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டில் ஒன்று. ஷிஃப்ட் தொடங்கும் சங்கு கேட் கடிகாரத்தைப் பார்த்து ஊதப்படும். ஷிஃப்ட் முடிந்து ஆளை விடுவது டிபார்ட்மெண்ட் கடிகாரப்படி. கேட் கடிகாரம் நாலு நிமிஷம் முந்திப் போகும். சேர்ந்த இரண்டாம் வாரமே கவனித்துவிட்டேன். மேலே இருந்தவரிடம் சொன்னேன். "மெஷின் நிக்காம கை மாறணும்ல தம்பி, அடுத்த ஆளு வந்து சைடைப் பார்த்து வாங்கிக்கணும். அதுக்குத்தான் அது. அதைத் தொடாதே" என்றார். அதில் நியாயமும் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கிற ஃப்ரேமை நிறுத்தினால் நூல் அறும், கழிவு சேரும், திரும்ப ஓட்ட நேரமாகும். ஆனால் அந்த நாலு நிமிஷத்துக்குக் கூலி யார் கொடுப்பது என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வயதும் இல்லை, வேலை நிரந்தரமும் இல்லை.

கேட்டது ஒரு சைடர், ரிங் ஃப்ரேமின் ஒரு பக்கத்தை, அதாவது சைடை, பார்த்துக்கொள்பவர். ஐம்பதைத் தாண்டியவர். மகன் வாங்கிக் கொடுத்த எச்எம்டி வாட்ச் கையில். ஒரு நாள் டோக்கனைப் போட்டுவிட்டு நின்று, "ஏனுங் தம்பி, உங்க கடியாரமும் உள்ள இருக்கிற கடியாரமும் ஒரே ஊருதானுங்களா?" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். பள்ளிக்கூடத்தில் அது பெருமையாகச் சொல்லித்தரப்பட்டது. அசல் மான்செஸ்டரில் ஆலைக்காரர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று யாரும் சொல்லித்தரவில்லை. வேலையை விட்ட பிறகு, பொழுது போகாமல் நூலகத்தில் உட்கார்ந்தபோதுதான் படித்தேன்.

1832இல் ஜேம்ஸ் கே என்ற மருத்துவர் மான்செஸ்டரின் நூற்பாலைத் தொழிலாளிகள் குடியிருந்த தெருக்களைப் பற்றி எழுதினார். காலரா வந்த வருஷம் அது. பார்லிமெண்ட் தெரு என்று பெரிய பெயர் கொண்ட தெருவில் 380 பேருக்கு ஒரே கழிப்பறை என்று கணக்குக் கொடுக்கிறார். பத்து வருஷம் கழித்து, 1842இல் எட்வின் சாட்விக் கொடுத்த சுகாதார அறிக்கையில் இன்னொரு கணக்கு. மான்செஸ்டரில் வசதியானவர்கள் இறக்கும் சராசரி வயது 38, தொழிலாளிக் குடும்பங்களில் 17. பதினேழு என்றால் எல்லோரும் பதினேழில் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. அவ்வளவு குழந்தைகள் தொட்டிலிலேயே போயின. அது சராசரியைக் கீழே இழுத்தது. புரிந்துகொண்ட பிறகும் அந்த எண்ணைச் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை. ரட்லாண்ட் என்கிற கிராமப்புற மாவட்டத்தில் கூலிக்காரனின் சராசரியே 38. அதாவது ஆலை நகரத்துப் பணக்காரனும் கிராமத்துக் கூலியும் ஒன்று.

அந்த இங்கிலாந்து ஆலைகளிலும் நூல் ஒட்டினார்கள். அறுந்த இழையை ஓடுகிற மெஷினிலேயே எடுத்து முறுக்கி ஒட்டுவது பெரும்பாலும் பிள்ளைகளின் வேலை. மெஷினின் ஒரு பகுதி முன்னும் பின்னும் நகரும், பிள்ளைகள் அதன் பின்னால் நடந்துகொண்டே இருப்பார்கள். ஜான் ஃபீல்டன் என்ற ஆலை முதலாளி, தன் ஆலையிலேயே இதை அளந்து பார்த்தார். பன்னிரண்டு மணி நேரத்தில் பிள்ளை நடக்கிற தூரம் இருபது மைலுக்குக் குறையவில்லை. முதலாளியே அளந்தார் என்பதுதான் என்னை நிறுத்தியது. சும்மா அளந்துவிட்டு விடவும் இல்லை. பெண்களுக்கும் இளையவர்களுக்கும் பத்து மணி நேர வேலை என்ற 1847ஆம் வருஷச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நின்று கொண்டுவந்தவர் அவர். அப்பாருவிடம் இதைச் சொல்ல அவர் அப்போது இல்லை. சொல்லியிருந்தால், "நான் நடந்ததை எவன் அளந்தான்?" என்றிருப்பார்.

அப்பாரு மில்லுக்குப் போனது 1933இல், நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்த மறுவருஷம். கரண்ட் வந்ததும் கோவையைச் சுற்றி ஆலைகள் முளைத்த காலம் அது. சட்டப்படியே பதினோரு மணி நேரம் வேலை வாங்கலாம். வீட்டில் கடிகாரம் கிடையாது. சங்குதான் கடிகாரம். ஒரு நிலா இரவில் விடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்து, மூன்று மைல் நடந்து மில்லுக்குப் போனால் கேட் பூட்டியிருந்ததாம். திரும்பி வந்தால் மறுபடி நடக்க வேண்டுமே என்று கேட் வாசலிலேயே துண்டை விரித்துப் படுத்தாராம். இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வார். அன்றைக்கு மான்செஸ்டரும் சேர்ந்திருந்த லங்காஷயர் மாவட்டத்தில் இதற்கு ஆள் வைத்திருந்தார்கள். நீளக் கம்பை எடுத்துக்கொண்டு விடியும் முன் தெருத்தெருவாகப் போய் மாடி ஜன்னலைத் தட்டி எழுப்புகிற ஆள். வாரத்துக்குச் சில பென்னி கூலி. எழுப்பிவிடுவதற்கும் தொழிலாளிதான் காசு கொடுக்க வேண்டும்.

பிறகு அப்பாருவுக்கு ஒரு வீட்டு லைனில் அறை கிடைத்தது. பத்துக்குப் பத்து. சமையல் வாசலில். ஐந்து பிள்ளைகள். ஷிஃப்ட் மாறி மாறி வந்ததால் எல்லோரும் ஒரே நேரத்தில் படுக்கவேண்டிய கட்டாயம் வரவில்லை என்பார் அப்பத்தா. நூல் அறாமல் இருக்க மில்லில் ஜன்னலைச் சாத்தி, காற்றை ஈரமாக வைத்திருப்பார்கள். அந்தப் புழுக்கத்தில் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை லீவு முடிந்து திங்கட்கிழமை போனால்தான் மூச்சு அதிகமாக இறுக்கும். பஞ்சாலை நுரையீரல் நோயின் அடையாளமே அது என்று டாக்டர்கள் பின்னால் சொன்னார்கள். மில்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒரு துண்டு வெல்லம். அப்பாரு சாகும்வரை டிரங்குப் பெட்டியில் வெல்லம் வைத்திருந்தார்.

சரி, கடிகாரத்துக்கு வருகிறேன். படித்ததில் என்னை உலுக்கியது சாவுக் கணக்கு அல்ல, இதுதான். ஸ்காட்லாந்தின் டண்டீ ஆலைகளைப் பற்றி 1850இல் அச்சான ஒரு வாழ்க்கைக் கதையில், காலையில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பார்கள், மாலையில் பின்னே இழுப்பார்கள், தொழிலாளி வாட்ச் வைத்திருக்கவே பயப்படுவான் என்று இருக்கிறது. 1833ஆம் வருஷச் சட்டம்தான் முதன்முதலாக ஆலைகளைப் பார்வையிட அரசு இன்ஸ்பெக்டர்களை நியமித்தது. மொத்த நாட்டுக்கும் நான்கே பேர். அவர்களில் லெனார்ட் ஹார்னர் என்பவர் இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலையாக அலைந்தார். அந்த இன்ஸ்பெக்டர்களின் அறிக்கைகளில் இந்த நிமிஷத் திருட்டு திரும்பத் திரும்ப வருகிறது. காலையில் கொஞ்சம் முன்னதாக, சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் என்றால் வருஷத்துக்கு இரண்டரை நாள் உற்பத்தி என்று கணக்கே போட்டிருக்கிறார்கள்.

நானும் பேனாவை எடுத்தேன். நாலு நிமிஷம், வருஷத்துக்கு முந்நூறு நாள். ஆயிரத்து இருநூறு நிமிஷம். இருபது மணி. எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு இரண்டரை ஷிஃப்ட். நூற்றைம்பது வருஷம் தள்ளி, கடல் தாண்டி, அதே இரண்டரை.

நம் பக்கத்துச் சட்டங்களும் இப்படி நிமிஷம் நிமிஷமாகத்தான் வந்தன. 1881இல் இந்தியாவுக்கு முதல் தொழிற்சாலைச் சட்டம். ஏழு வயதுக்குக் கீழே வேலை வாங்கக் கூடாது, ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்பது மணி நேரம். இந்தியக் குழந்தைகளுக்காக அன்றைக்குக் குரல் கொடுத்தவர்களில் லங்காஷயர் முதலாளிகளும் உண்டு. பம்பாய் நூல் மலிவாகப் போகிறதே என்ற கவலை அவர்களுக்கு. இருந்துவிட்டுப் போகட்டும், எந்தக் காரணத்துக்காகவோ வந்தால் சரி. 1891இல் வாராந்திர விடுமுறையும் சட்டமானது. ஆனாலும் தூத்துக்குடி கோரல் ஆலைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டு 1908இல் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் முன்னே நிறுத்தி வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. சம்பள உயர்வோடு லீவும் கிடைத்தது. சில நாட்களிலேயே தலைவர்கள் இருவரும் சிறைக்குப் போனார்கள்.

சென்னையில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைக்காரர்கள் 1918இல் ஹோம்ரூல் இயக்கத்தைச் சேர்ந்த பி.பி. வாடியாவிடம் சொன்ன முதல் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு நேரம். அரை மணி. சட்டம் சொன்ன குறைந்தபட்சம் அதுதான், ஆலை அதை மீறவில்லை. ஆனால் கூட்டத்தோடு வெளியே வந்து, கை கழுவி, உட்கார்ந்து, திரும்பக் கேட்டுக்குள் நுழைகிற நேரமும் அந்த அரை மணிக்குள் அடக்கம். அந்த ஏப்ரலில் உருவானதுதான் சென்னைத் தொழிலாளர் சங்கம். திரு.வி.க.வும் அதில் இருந்தார். அரசியல் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு அதைவிடச் சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டே மனக்கணக்காக நிமிஷம் எண்ணிய ஆள்தான் கண்ணுக்குத் தெரிகிறார்.

என் கதையில் அவ்வளவு வீரமில்லை. 1986 கோடையில் ஒரு ராத்திரி கரண்ட் போய், கேட் கடிகாரம் நின்றுவிட்டது. விடிகாலையில் கரண்ட் வந்ததும், டீக்கடை ரேடியோவில் செய்திக்கு முன் வந்த மணியை வைத்துச் சரியான நேரத்தைத் திருப்பி வைத்தேன். தெரிந்தே செய்தேன். ஆறு நாள் கோவையில் ஒரு மில்லின் கடிகாரம் ஆகாசவாணி நேரத்தைக் காட்டியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சைடர் மட்டும் மூன்றாம் நாள் தன் வாட்சையும் மேலேயும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பரவால்லைங் தம்பி" என்றார்.

ஏழாம் நாள் ஸ்பின்னிங்கில் இருந்து ஆள் வந்தார். ஷிஃப்ட் மாறும்போது சைடு காலியாக நிற்கிறதாம். மேலே இருந்தவர் என்னைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. ஸ்டூலை அவரே எடுத்துப்போட்டு, "ஏறு" என்றார். ஏறினேன். முள்ளை நாலு நிமிஷம் முன்னே தள்ளினேன்.

மறுநாள் காலை அந்தச் சைடர் வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டோக்கனைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து வாட்ச் கட்டி வருவதை விட்டுவிட்டார்.