டர்பனில் தூண்டில் கோலுக்கு ஒரு சுழல் மோட்டார்

தூத்துக்குடியில் வளர்ந்தவனுக்குக் கடலோரம் நின்று மீன் பிடிப்பது புதிதல்ல. ஆனால் அங்கே எங்கள் கையில் இருந்ததெல்லாம் தங்கூசி நரம்பும் ஈயக்குண்டும் முள்ளும்தான். வேலை நிமித்தம் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீடு எடுத்த பிறகுதான், பதின்மூன்று பதினான்கு அடி நீளக் கோலைத் தலைக்கு மேல் வீசி, அலை உடைகிற இடத்துக்கும் அப்பால் இரையைக் கொண்டுபோய்ப் போடும் பழக்கத்தைக் கண்டேன். இங்குள்ள இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்த ட்ரூரோ கப்பலோடு தொடங்கியது ஒப்பந்தக் கூலிகளின் வருகை. ஒப்பந்தம் முடிந்த பிறகு கரும்புத் தோட்டத்தை விட்டு விலகிய சிலர், துறைமுக விரிகுடாவில் உள்ள சாலிஸ்பரி தீவில் குடியிருந்து வலை இழுத்துப் பிழைத்தார்கள். என் அடுத்த வீட்டுப் பெரியவர் அத்தகைய குடும்பமொன்றின் வழிவந்தவர். இந்த ஊர் வழக்கப்படி நான் அவரை அங்கிள் என்கிறேன், அவர் என்னைத் தம்பி என்கிறார். கடையில் விற்கும் கோலை அவர் தொடுவதில்லை. பிளாங்க் என்னும் வெற்றுக் கோலை வாங்கி, நரம்பு ஓடும் வளையங்களை நூலால் சுற்றிக் கட்டி, அந்தச் சுற்றின் மேல் எபாக்ஸி என்னும் இறுகும் பிசின் கலவையைப் பூசித் தானே முடித்துக்கொள்வார். நானும் அவருடைய கராஜில்தான் இந்தக் கைவேலையைக் கற்றேன்.

நூல் சுற்றுவதற்குக் கண்ணும் பொறுமையும் போதும். பூச்சுக்கு வரும்போதுதான் கருவி தேவைப்படுகிறது. பிசினையும் கெட்டியாக்கியையும் இரு ஊசிக்குழாய்களில் சம அளவு உறிஞ்சி, குமிழி எழாதபடி மெதுவாகக் கலக்கி, அலுமினியத் தாளில் பரப்பி வைப்போம். கிண்ணத்திலேயே விட்டால் கலவை தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகிவிடும். தாளில் பரப்பினால் குமிழிகளும் வெளியேறும், வேலை செய்ய நேரமும் கிடைக்கும். தூரிகையால் பூசிய சில நிமிடங்களிலேயே கலவை கிடத்திய கோலின் கீழ்ப்பக்கம் நோக்கி வழியத் தொடங்கி, அங்கே தொங்கலாகத் திரண்டுவிடும். கோல் இடைவிடாமல் சுழன்றுகொண்டிருந்தால்தான் பூச்சு எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் நிற்கும். முதல் இரண்டு மூன்று மணி நேரம் மிக முக்கியம். ஆனாலும் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை சுழல விடுவதுதான் நல்லது. அங்கிளின் இளமைக் காலத்தில் மோட்டார் கிடையாது. இரவில் கோலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கையால் அரைவட்டம் திருப்புவார்கள், கலவை கெட்டியாகக் கெட்டியாக இடைவெளியை நீட்டிக்கொண்டே போவார்கள்.

மோட்டாரைத் தேடத் தொடங்கியதும் முதலில் எதிர்ப்பட்ட கேள்வி வேகம். நிமிடத்துக்கு 5 சுற்றிலிருந்து 20 சுற்றுக்குள் எதுவாயினும் வேலை நடக்கும். அதற்கும் மிக வேகமாகச் சுழற்றினால், பூச்சு நடுவில் திரண்டு ஓரங்களில் மெலிந்துவிடும். சுழற்சியின் விசை கூடினால் துளிகளாகத் தெறிக்கவும் செய்யும். மிக மெதுவான மோட்டாரோ, நீர்த்த கலவை வழிவதற்கு நேரம் கொடுத்துவிடும். நான் கனமான முதல் பூச்சு பூசுவதில்லை; மெல்லியதாக இரண்டு பூச்சு பூசுவேன்; ஆகவே எனக்கு 6 முதல் 10 சுற்று வரை போதுமானதாக இருக்கிறது.

கோல் கட்டுவதற்கென்றே விற்கப்படும் உலர்த்திகளில், அதாவது பூச்சு இறுகும்வரை கோலைச் சுழற்றும் மோட்டார் கருவிகளில், பெரும்பாலானவை அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை. அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டைக் குறைக்க ஒரு மின்மாற்றி போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மின்மாற்றி வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. இந்த உலர்த்திகளில் வரும் சிறிய சிங்க்ரனஸ் மோட்டார்களின் வேகமோ ஹெர்ட்ஸைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே 18 சுற்று என்று அச்சிட்ட மோட்டார் இங்கே 15 சுற்றுதான் சுற்றும்; 6 சுற்று மோட்டார் 5 ஆகிவிடும். கோலுக்கு இதனால் கேடு ஒன்றும் இல்லை. ஆனால் கப்பல் கூலியும் சுங்கமும் கட்டி வரவழைத்து, அதற்கு மேல் ஒரு மின்மாற்றியும் வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து.

அதைவிட மலிவான வழி, மைக்ரோவேவ் அடுப்பின் கண்ணாடித் தட்டைச் சுழற்றும் மோட்டார். உதிரிப்பாகக் கடையில் தனியாகவே கிடைக்கும். அதன் முதுகில் உள்ள சிறிய எழுத்துகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டாவது படித்துவிட வேண்டும்: ‘220-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ், 5/6 சுற்று, 4 வாட்’ என்றிருந்தால் நேரே சுவர் மின்சாரத்தில் மாட்டலாம், அதே வடிவத்தில் 21 வோல்ட்டிலும் 30 வோல்ட்டிலும் ஓடும் மோட்டார்கள் உண்டு, அவற்றை மாட்டினால் புகைந்துவிடும். பழைய அடுப்பைப் பிரித்து மோட்டாரைக் கழற்றலாம் என்ற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். செருகியைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கலாம். இந்த மோட்டாருக்கு இன்னொரு குணமும் உண்டு: ஒவ்வொரு முறை போடும்போதும் வலமாகச் சுற்றுமா இடமாகச் சுற்றுமா என்று சொல்ல முடியாது. பூச்சுக்கு எந்தத் திசையும் ஒன்றுதான்.

இந்த ஊரில் முடிவைத் தீர்மானித்தது விலை அல்ல, மின்வெட்டுதான். 2022, 2023 ஆண்டுகளில் முறைவைத்து மின்சாரம் நிறுத்தப்பட்டபோது, ஒரு முறைக்கு இரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் இருட்டு. பூசிய அரை மணியில் மின்சாரம் போனால், கோல் நின்ற இடத்திலேயே தொங்கல் விழுந்து இறுகிவிடும். பிறகு பிளேடால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூச வேண்டும். ஆகவே பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் டிசி கியர் மோட்டாரை, அதாவது பற்சக்கரங்களால் வேகம் குறைக்கப்பட்ட மோட்டாரைத் தேர்ந்தேன். இங்கே வீட்டு வாயிற்கதவைத் திறக்கும் மோட்டாருக்கும் திருட்டு அலாரத்துக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி வைத்திருப்பது வழக்கம் என்பதால், எந்த ஹார்டுவேர் கடையிலும் அது கிடைக்கிறது. சிறிய கியர் மோட்டார் மிகக் குறைந்த மின்சாரமே எடுப்பதால், நல்ல நிலையில் உள்ள ஒரு பேட்டரி இரவு முழுவதும் தாங்கும். சார்ஜரையும் இணைத்தே வைத்துவிட்டால் மின்சாரம் போவதும் வருவதும் கோலுக்குத் தெரியாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பலகையும் சேர்த்தேன். இதன் குறை சத்தம். சிங்க்ரனஸ் மோட்டார் ஓடுவதே காதில் விழாது, இது இரவெல்லாம் முனகிக்கொண்டிருக்கும்.

எல்லோரும் மோட்டாரைப் பற்றியே பேசுகிறார்கள். என் அனுபவத்தில் கோலைத் தாங்கும் கால்களுக்குத்தான் அதிகக் கவனம் தேவை. நீண்ட கோலை இரண்டு அல்லது மூன்று துண்டுகளாகத்தான் செய்கிறோம். இரு துண்டுக் கோலின் ஒரு பகுதியே ஏழடி வரும். மோட்டாரின் அச்சும் கோலின் அச்சும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால், கோல் ஒவ்வொரு சுற்றிலும் எழும்பி விழும். வளையங்கள் எல்லாம் ஒரே பக்கம் இருப்பதால் எடையும் ஒரு பக்கமாகச் சாயும். வளையம் மேலேறும்போது தயங்கி, இறங்கும்போது துள்ளும். பிடி பலவீனமாக இருந்தால் மோட்டார் மட்டும் சுழலும், கோல் நின்றுவிடும். நான் பிவிசி குழாயின் மூடி ஒன்றில் துளையிட்டு, நான்கு பக்கமும் ரப்பர் நுனி வைத்த திருகுகளால் கோலின் அடியைப் பிடிக்கிறேன். மரப்பலகையில் வி வடிவில் வெட்டி, வெட்டில் கம்பளித் துணி ஒட்டிய இரு தாங்கிகளைப் பூச்சு இல்லாத இடங்களில் நிறுத்துகிறேன். நுனிப் பகுதிக்குக் கூடுதலாக ஒரு தாங்கி வேண்டும். இல்லாவிட்டால் அது ஆடி ஆடிப் பூச்சையே கெடுத்துவிடும்.

ஈரக்காற்று டர்பனுக்கே உரிய தொல்லை. கோடையில் காற்றில் நீர்ப்பதம் கூடினால், இறுகும் எபாக்ஸியின் மேல் பிசுபிசுப்பான மங்கல் படலம் படியும். மழை விட்ட மாலைகளில் ஈசல் வேறு விளக்கைத் தேடி வந்து பூச்சில் ஒட்டிக்கொள்ளும். அங்கிளின் பழைய கோல் ஒன்றில் ஓர் ஈசலின் இறக்கை இன்றும் கண்ணாடிக்குள் வைத்தாற்போல் தெரிகிறது, அவர் அதை எடுக்க விரும்பவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் வெர்வெட் குரங்குகள் உள்ளே வந்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து, ஒட்டுப்பலகையால் நீளமான பெட்டி ஒன்று செய்து அதற்குள் கோலைச் சுழல விடுகிறேன். உள்ளே எரியும் 60 வாட் குண்டு பல்பு காற்றைச் சற்றுச் சூடாக்கி ஈரப்பதத்தைக் குறைக்கிறது. குளிர்காலத்தில் கலவை தடித்துப் போகாமலும் காக்கிறது. பல்பு கோலுக்கு நேர் கீழே இருக்கக் கூடாது, பெட்டியின் ஓரத்தில் இருக்க வேண்டும்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில், இங்கே கரையிலிருந்து பலரும் பிடிக்கும் ஷாட் என்னும் மீனைப் பிடிக்கத் தடை. கை சும்மா இருக்கிறதே என்று பலரும் அப்போதுதான் கோல் கட்ட உட்காருகிறார்கள். மழையும் அப்போதுதான் தொடங்குகிறது. நான் அந்த மாதங்களில் நூல் சுற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, பூச்சை ஏப்ரல், மே மாதங்களின் வறண்ட நாட்களுக்கு ஒத்திவைக்கிறேன். முதல் பூச்சுக்கு மறுநாள் இரண்டாவது பூச்சு, அதன் பிறகு ஒரு வாரம் கோலைத் தொடாமல் வைத்தல் என்று கணக்கிட்டாலும், ஜூனில் சாளை மீன் கூட்டம் கரையோரம் வருவதற்குள் கோல் தயாராகிவிடும்.