நல்லூரில் சட்டை கழற்றுவதற்கு முன்

நல்லூர்க் கந்தனைக் கும்பிடப் போனால் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் ஆகவேண்டும். மலக்குடல் புற்றுநோய்க்கு ஒப்பரேசன் செய்து, வலப்பக்க வயிற்றில் இலியோஸ்டமிப் பையோடு (சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திறந்து, மலம் வந்து சேர ஒட்டிய பை) இருக்கும் எனக்கு யாழ்ப்பாணப் பயணத்தில் பெரிய யோசனையே அதுதான். தூரமும் களைப்பும் அதற்குப் பிறகுதான்.

எனக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. முதல் நாள் ஒக்சாலிபிளாட்டின் ஏற்றுவார்கள், பிறகு இரண்டு வாரம் குளிசை, மூன்றாவது வாரம் ஓய்வு. அந்த ஓய்வு வாரத்தில், இரத்தப் பரிசோதனையைப் பார்த்து டொக்டர் சரி என்ற பிறகே டிக்கெட் எடுத்தேன். வெள்ளணு குறையும் உடம்புக்கு 25 நாள் திருவிழாச் சனம் ஆகாது. அதனால் திருவிழா இல்லாத மாதம். கீமோ நேரத்தில் காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சிகிச்சைக் குறிப்பின் பிரதியைக் கையோடு வைத்திருந்தேன். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருப்பதும் ஒரு தெம்பு.

கொழும்பிலிருந்து ரயில். 1990இல் நின்றுபோன யாழ் தேவி 2014இல் யாழ்ப்பாணம் வரை திரும்பி வந்ததன் அருமை எனக்கு இப்போதுதான் முழுதாகப் புரிகிறது: ரயிலில் கழிப்பறை இருக்கிறது. இலியோஸ்டமியில் போவது தண்ணீராகவே போகும், நேரகாலம் பார்க்காது. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே வெறுமையாக்கிவிட வேண்டும். பாரம் கூடினால் ஒட்டு இழுபடும். கழிப்பறைக்குக் கிட்ட இருக்கை, ஒரு போத்தல் தண்ணீர், துளை முன்கூட்டியே வெட்டிய மாற்றுப் பைகள். துளை, குடல் வயிற்றுக்கு வெளியே திறக்கும் வாயான ஸ்டோமாவை விட 2, 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக இருக்கவேண்டும், இல்லையென்றால் தோல் வெந்துபோகும். யாழ்ப்பாணத்து வெயிலில் ஒட்டும் பசை இளகும் என்பதால் பைகளை ஓட்டோவிலோ வானிலோ விட்டுவிட்டுப் போகவே இல்லை. உப்பும் தண்ணீரும் உடம்பிலிருந்து வேகமாக வெளியேறும். வழி முழுக்க ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூளைக் கரைத்துக் குடித்தேன்.

கோயிலுக்குப் போகும் நாள் விடிய, வெறும் வயிற்றில் பையை மாற்றினேன். குடல் அமைதியாக இருக்கும் நேரம் அது. வேட்டியை வழமைபோல் இறுக்கிக் கட்டினால் பையின் நடுவில் அழுத்தி, வருவது கீழே இறங்காமல் ஒட்டுக்குள் புகுந்துவிடும். அதனால் தொப்புளுக்கு மேலே, கொஞ்சம் தளர்வாகக் கட்டினேன். அதற்கு மேல் சால்வையை இடுப்பைச் சுற்றி முடிந்தேன். கோயிலில் எல்லாரும் சால்வையை இடுப்பில்தானே கட்டுகிறோம்! வெளியே எதுவும் தெரியவில்லை.

“இந்த உடம்போட கோயிலுக்குள்ள போகலாமோ?” என்று உறவுக்குள் ஒரு கேள்வி இருந்தது. எல்லார் வயிற்றுக்குள்ளும் இருப்பதுதான் என் வயிற்றுக்கு வெளியே, மூடிய பைக்குள் இருக்கிறது. அதில் தீட்டு ஏது? ஒரு ரூபாய் அர்ச்சனைச் சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். விழுந்து கும்பிடவில்லை, வயிற்றில் அழுத்தம் கூடாது. பூசை நேரம் நெருங்க, சனம் நெருக்கியது. நான் கையால் வலப்பக்கத்தை மறைப்பதைப் பக்கத்தில் நின்ற பெரியவர் கண்டுவிட்டார்.

“ஒப்பரேசனோ தம்பி?”

“ஓம் ஐயா.”

மேலே ஒன்றும் கேட்காமல் என் வலப்பக்கம் வந்து நின்றுகொண்டார். தீபாராதனை முடியும்வரை ஒரு முழங்கைகூட என்மேல் படவில்லை.

ஸ்டோமா வைத்தபிறகு பலர் கோயிலையும் கலியாண வீட்டையும் விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. சிகிச்சை மாதக்கணக்கில் நீள்கிறது. அத்தனை மாதமும் வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லி எந்த டொக்டரும் எனக்குச் சொல்லவில்லை.

கோயிலடி ஐஸ்கிரீமை மட்டும் விட்டுவிட்டேன். ஒக்சாலிபிளாட்டின் ஏறிய உடம்பில் குளிர் பட்டால் தொண்டை இறுகும், விரல் நுனி விறைக்கும்.

பின்னேரம் சின்னம்மா வீட்டில், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ். கூழில் போடும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் நார் நாராகக் குடலில் அடைத்துவிடலாம் என்று சொன்னதும், “அதுக்கென்ன மோனை, வடிச்சுத் தாறன்” என்றார். மெல்லிய துணியில் வடித்து, நண்டின் சதையை உதிர்த்துப் போட்டு, பனையோலைப் பிளாவில் ஊற்றித் தந்தார். புது உணவைக் கொஞ்சமாகத் தொடங்கவேண்டும் என்பதால் ஒரு பிளாவோடு நிறுத்தினேன். வயிறு ஒன்றும் செய்யவில்லை. இரவு இன்னொரு பிளா வாங்கிக் குடித்தேன்.