மூலிகை மாத்திரையில் எம்.பார்ம் ஆய்வு: எஃப் 3 வாங்கிக்கொடுத்த கேள்விகள்

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித்தேர்வாளர் என் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். நான் செய்து பார்த்த ஒன்பது மாத்திரைக் கலவைகளில், பெருமையாக வரைபடம் போட்டு வைத்திருந்த ஏழாவதை, அதாவது எஃப் 7-ஐக் கண்டுகொள்ளவே இல்லை. எஃப் 3-இல் விரலை வைத்து, "மற்றதெல்லாம் தண்ணீரில் எட்டு, ஒன்பது நிமிடத்தில் உடைகிறது. இது மட்டும் ஏன் இருபத்துநாலு நிமிடம்?" என்றார். அந்த ஒரு வரியை அட்டவணையிலிருந்து எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தவன் நான். நல்லவேளை, எடுக்கவில்லை.

அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில், தொடக்கத்திலேயே செய்த தவறுகள்.

நான் எடுத்தது நிலவேம்புச் சாரம், அதில் 500 மி.கி. மாத்திரை. தலைப்பு கிடைத்த வாரத்திலேயே எக்ஸெலில் எஃப் 1 முதல் எஃப் 9 வரை கட்டம் போட்டுவிட்டேன். எல்லோரும் செய்வது இதுதான். ஆனால் கையில் இருக்கும் பொடி எப்படிப்பட்டது என்றே தெரியாமல் போடும் கட்டம் அது. மூலிகைச் சாரம் பாராசிட்டமால் போல ஒரே மூலக்கூறு கிடையாது. செடி பூக்கும் பருவத்தில் பறித்ததா, இலை மட்டுமா, தண்டும் சேர்ந்ததா என்பதைப் பொறுத்து நிலவேம்பின் முக்கியச் சேர்மமான ஆண்ட்ரோகிராஃபோலைடின் அளவு மாறும். அதனால் மார்க்கர் (இப்படி அளந்து பார்க்கும் அடையாளச் சேர்மம்) அளவு குறிப்பிட்ட சான்றிதழோடு வரும் சாரத்தை வாங்குங்கள். முழு ஆய்வுக்கும் போதுமானதை ஒரே பேட்சில் வாங்குங்கள். நான் பாதியில் தீர்ந்து இரண்டாவது டப்பா வாங்கினேன். நிறமே வேறாக இருந்தது.

அடுத்தது ஈரம். காய்ந்த சாரம் காற்றிலுள்ள ஈரத்தை அப்படி இழுக்கும். ஒரு மாலை தட்டில் திறந்தபடி வைத்துவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் தார் மாதிரி ஒட்டிக் கிடந்தது, ஸ்பாட்டுலாவால் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தண்ணீர் ஊற்றிக் கிரானுலேஷன் (பொடியைக் குருணையாக்குவது) செய்தபோதும் அதே கதைதான்: குருணை வரவில்லை, உருண்டை வந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் போவிடோனைக் கரைத்து அதை பைண்டராக (ஒட்டுப்பொருளாக) ஊற்றிய பிறகுதான் சல்லடையில் ஒழுங்காக இறங்கியது. சாரத்தோடு முதலிலேயே கொஞ்சம் ஏரோசில் (நுண்ணிய சிலிக்காப் பொடி) கலந்தால் ஈரத்தை அது பிடித்துக்கொள்ளும். கார் குறியீடு (பொடி எவ்வளவு சரளமாக ஓடும் என்பதற்கான அளவு) முதலில் 29 வந்தது. 25-ஐத் தாண்டினாலே பொடி ஒழுங்காக ஓடாது, டையில் (மாத்திரை அச்சில்) ஒரே எடை விழாது. குருணையாக்கிய பிறகு 16-க்கு இறங்கியது. (இன்னொன்று: இந்தப் பொடியை எடை போடும்போது முகக்கவசம் போடுங்கள். தூசி தொண்டையில் இறங்கினால் அன்று முழுக்க எதைச் சாப்பிட்டாலும் கசப்புதான்.)

மாத்திரையில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனையில் எனக்கு 118 சதவீதம் வந்தது. சந்தோஷப்படவா பயப்படவா என்று புரியவில்லை. கைடிடம் காட்டினேன். "போட்டதைவிட அதிகமாக எப்படியப்பா இருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. ஆண்ட்ரோகிராஃபோலைடு சுமார் 225 நேனோமீட்டரில்தான் ஒளியை உறிஞ்சும். அவ்வளவு கீழே போனால் சாரத்திலுள்ள மற்ற சேர்மங்களும் கூடவே உறிஞ்சும், போவிடோனும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். ஒளி உறிஞ்சுவதை அளக்கும் யுவி கருவிக்கு யார் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, மொத்தக் கணக்கைத்தான் சொல்லும். சாரம் சேர்க்காத வெறும் கலவையை ஓட்டிப் பார்த்தபோது எக்ஸிபியன்ட்டின் (துணைப்பொருள்களின்) பங்கு தெரிந்தது. மிச்சத்துக்கு, சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி இல்லாமல் வழியில்லை. உங்கள் மார்க்கர் ஒளியை அதிகம் உறிஞ்சும் உச்சம் 250 நேனோமீட்டருக்குக் கீழே இருந்தால், எச்பிஎல்சி கருவிக்கான தேதியை முதல் மாதத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள். அந்த வரிசை எப்போதும் நீளம்.

டிசொல்யூஷனைப் (மாத்திரையிலிருந்து மருந்து திரவத்தில் கரைவதை அளக்கும் சோதனை) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 900 மி.லி., 37 டிகிரி, 50 ஆர்பிஎம் என்று எல்லோரும் மனப்பாடமாக எழுதிவிடுவோம். அந்த 900-இல் உங்கள் மருந்து முழுவதும் கரையுமா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நிறைவுக் கரைசலுக்குத் தேவையான அளவைப் போலக் குறைந்தது மூன்று மடங்கு திரவம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அளப்பது மாத்திரையின் குணத்தை அல்ல, திரவத்தின் போதாமையைத்தான். ஃப்ரையபிலிட்டியில் (மாத்திரையை உருட்டி எவ்வளவு உதிர்கிறது என்று பார்ப்பது) ஒரு சின்னக் கணக்கு: மாத்திரை 650 மி.கி. அல்லது அதற்குக் கீழே இருந்தால், மொத்த எடை 6.5 கிராமுக்கு அருகில் வருமாறு எடுக்க வேண்டும். 500 மி.கி. என்றால் 13 மாத்திரை. நான் பழக்கத்தில் 10 என்று எழுதி வைத்திருந்தேன்.

சரி, எஃப் 3. பொடி அச்சில் ஒட்டாமலிருக்கப் போடும் மெக்னீசியம் ஸ்டீரேட்டைக் கடைசியில் சேர்த்து மூன்று நிமிடம் மட்டும் கலக்க வேண்டும் என்பது நெறிமுறை. அன்று போனில் யாரோ அழைத்தார்கள். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து பார்த்தால் மிக்ஸர் இருபது நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே அமுக்கினேன். மாத்திரை பார்க்கப் பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. ஆனால் கடினம் பாதியாகக் குறைந்திருந்தது, உடையும் நேரம் மூன்று மடங்கு ஏறியிருந்தது. கடினம் குறைந்தால் சீக்கிரம் உடைய வேண்டாமா? அங்கேதான் குழம்பினேன். ஸ்டீரேட் மெல்லிய செதில்களாக இருக்கும். கலக்கக் கலக்க அவை உரிந்து மற்றத் துகள்கள் மேல் எண்ணெய்ப் பூச்சு போலப் படிந்துவிடும். துகளும் துகளும் ஒட்டாததால் மாத்திரை பலவீனமாகும். நீரை ஒட்டவிடாத பூச்சு என்பதால் தண்ணீரும் உள்ளே போகாது. இரண்டும் ஒரே காரணத்தால் நடப்பவை.

தேர்வாளரிடம் இதைச் சொன்னேன், போன் விஷயத்தையும் மறைக்கவில்லை. அவர் உடனே, "எம்சிசி-க்குப் பதில் டைகால்சியம் ஃபாஸ்ஃபேட் போட்டிருந்தால்?" என்றார். எம்சிசி என்பது நான் நிரப்பியாகப் போட்ட செல்லுலோஸ் பொடி. ஃபாஸ்ஃபேட் அமுக்கும்போது நொறுங்கும், பூச்சில்லாத புதுப் பரப்பு வெளியே வரும், அதனால் கடினம் அந்த அளவுக்குக் குறையாது என்றேன். பத்து நிமிடம் இதிலேயே ஓடியது. எஃப் 7 பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. எஃப் 3 எடுபட்டதற்குக் காரணம் நோட்டுப் புத்தகம்தான். கலக்கத் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம் இரண்டையும் அன்றே எழுதியிருந்தேன். மாலையில் நினைவிலிருந்து எழுதியிருந்தால் "மூன்று நிமிடம்" என்றுதான் கை எழுதியிருக்கும்.

ஃபார்முலேஷன் வேண்டாம், மருந்துப் பயன்பாட்டில் சர்வே எடுக்கிறேன் என்பவர்களுக்கும் ஒன்று. அது சுலபம் என்று நினைத்துப் போகாதீர்கள். என் வகுப்புத் தோழி எடுத்தாள். "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று கேட்டபோது பெரும்பாலோர் இல்லை என்றார்கள். "பொடி, லேகியம், சத்து மாத்திரை, மூலிகைக் காப்ஸ்யூல்?" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டதும் அதே ஆட்கள் ஆமாம் என்றார்கள். அவர்கள் கணக்கில் அதெல்லாம் மருந்தே அல்ல. முன்னோட்டமாகப் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்ததால் தப்பித்தாள். நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வரும் முன் ஒரு படிவம்கூட நிரப்பாதீர்கள், பிறகு அதைப் பயன்படுத்த முடியாது. அவளுடைய வைவாவில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை வந்தது. அது மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியைத் தூண்டி, மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவைக் குறைத்துவிடும். இதயமாற்று செய்துகொண்ட இருவருக்கு இதனால் நிராகரிப்பு ஏற்பட்டது 2000-இல் வெளியானது. மூலிகை என்று தலைப்பில் இருந்தால் இந்த உதாரணத்தைப் பொறிமுறையோடு படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெபிலிட்டியை (மாத்திரை கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை) கடைசிக்குத் தள்ளாதீர்கள். 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம், ஆறு மாதம். இதைச் சுருக்க வழியே கிடையாது. நான் சாம்பிள்களைத் தாமதமாக உள்ளே வைத்தேன், ஆய்வேட்டில் மூன்று மாதத் தரவுதான் போக முடிந்தது. ஆறாம் மாத மாத்திரைகளை எடுக்க வேண்டிய நாளில் நான் வேலையில் சேர்ந்துவிட்டிருந்தேன். ஜூனியர் ஒருவனிடம் சொல்லி எடுக்கச் சொன்னேன். பாட்டிலைத் திறந்து படம் எடுத்து அனுப்பினான்: எஃப் 7 எல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது.