படிவத்தில் பாதைக்குக் கட்டம் இல்லை

2019 ஜூன். தென்காசி இன்னும் தனி மாவட்டமாகப் பிரியவில்லை. பொது நிர்வாகம் படித்துவிட்டு ஓர் ஆய்வுத் திட்டத்தில் கள உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். அரசு சேவைகளில் மக்களின் பங்கேற்பு எப்படி இருக்கிறது என்பதுதான் ஆய்வு. கையில் ஒரு பரீட்சை அட்டை, கட்டம் கட்டமாக அச்சடித்த படிவங்கள், தொப்பி.

முதலில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குத்தான் திருநெல்வேலி கொக்கிரகுளத்திலுள்ள கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். 2017 அக்டோபரில் கந்துவட்டியால் நொந்துபோன ஒரு குடும்பம் அந்த வளாகத்திலேயே தீக்குளித்து இறந்தது. அதற்குப் பிறகு வாசலில் சோதனை கடுமையாகிவிட்டது. பையைத் திறந்து, தண்ணீர் பாட்டிலைக்கூட எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே போகிறவர்களை நிறுத்தி, “அஞ்சு நிமிஷம் பேசலாமா” என்று கேட்க வாய் வரவில்லை. அப்புறம் ஜமாபந்திக்கு மாறினோம். எந்தத் தாலுகா என்று சொல்லப்போவதில்லை.

ஜமாபந்தி என்றால் வருவாய்த் தீர்வாயம். வருவாய்த் துறைக் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். முடிகிற சமயத்தில் ஒவ்வொரு தாலுகாவிலும் ஓர் அதிகாரி உட்கார்ந்து கிராமக் கணக்குகளைச் சரிபார்ப்பார். அந்த வருடம் பசலி 1428. கிராம நிர்வாக அலுவலர்கள் பயிர்க் கணக்கான அடங்கலையும் நில உரிமைக் கணக்கான சிட்டாவையும் துணி மூட்டையாகக் கட்டிக் கொண்டுவருவார்கள். நிலம் அளக்கிற சங்கிலியைக்கூட எடுத்து வைத்துக் காட்ட வேண்டும். கடைசி நாள் நிகழ்ச்சிக்குப் பெயர் குடிகள் மாநாடு. அழைப்பிதழில் அந்தப் பெயரைப் பார்த்தபோது, எங்கள் ஆய்வுத் தலைப்பை யாரோ முன்னாலேயே இரண்டு சொல்லில் எழுதி வைத்துவிட்டார்கள் என்று தோன்றியது. மேலிருப்பவர் கீழிருப்பவரின் கணக்கைப் பார்க்க ஏற்பட்ட ஏற்பாடுதான் ஜமாபந்தி. இன்று கணக்குப் பார்ப்பது ஒரு மேசையில் நடக்கிறது, கூட்டமெல்லாம் மனுவுக்குத்தான்.

அந்த வருடம் கூட்டத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 2016 அக்டோபரோடு ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் கையில் ஊராட்சிகள் இருந்தன. தெருவிளக்கு எரியவில்லை என்று போய்த் திட்ட ஒரு தலைவர் கிடையாது. (மாவட்டப் பிரிவினையும் சேர்ந்துகொள்ள, எங்கள் பக்கம் ஊராட்சித் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஐந்து வருடம்!) ஆகவே பட்டாவுக்கு வர வேண்டிய இடத்தில் குடிதண்ணீரும் சாக்கடையும் சேர்ந்து வரிசையில் நின்றன.

வாசலுக்கு வெளியே வேப்பமர நிழலில் மனு எழுதுகிற அண்ணாச்சி இருந்தார். மடக்கு மேசை, கார்பன் தாள், கோர்ட் ஃபீ ஸ்டாம்பு வைத்த தகர டப்பா. அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மனு கொடுக்கிறவர்கள் தாமாக வருவார்கள் என்பதுதான் என் கணக்கு. இரண்டாம் நாள் ஓர் ஆச்சி வந்தார்.

“வயக்காட்டுக்குப் போற பாதைய முள்ளப் போட்டு அடைச்சிட்டாம்யா. எங்க மாமனார் காலத்துப் பாதை. வாழத்தாரு வெட்டுனா எப்படிச் சுமந்து வாரது?”

அண்ணாச்சி சர்வே நம்பர் கேட்டார், பட்டா நகலைப் பார்த்தார், எழுதினார், வாசித்துக் காட்டினார். பாதை என்ற சொல்லே அதில் இல்லை. ‘எனக்குப் பாத்தியப்பட்ட மேற்படி புலத்தை அளந்து நான்கு மாலுக்கும் அத்து காட்டித் தர ஆவன செய்யுமாறு’ என்று இருந்தது. வயலை அளந்து நாலு பக்கமும் எல்லை காட்டச் சொல்லி, அவ்வளவுதான். நான் குறுக்கே புகுந்து, பாதையைப் பற்றி எழுதவில்லையே என்றேன்.

“ஏம்மா, பாதைன்னு எழுதுனா என்ன பதில் வரும் தெரியுமா? ‘தனிநபர் பிரச்சினை, உரிமையியல் நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளவும்.’ அதோட மனு முடிஞ்சிரும். அளவைன்னு எழுதுனா பக்கத்து வயக்காரனுக்கும் நோட்டீஸ் போகும். அவன் வந்து நின்னுதான் ஆகணும். சர்வேயர், விஏஓ, அவன், ஆச்சி, நாலு பேரும் அந்த முள்ளுக்கு முன்னால நிப்பாங்க. அங்க பேசிக்கிட வேண்டியதுதான்.”

நான் படித்த எந்தப் பாடத்திலும் இது இல்லை. குடிமக்கள் பங்கேற்பு என்று தொடங்கினாலே ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-ல் வரைந்த எட்டுப் படி ஏணியைச் சொல்வோம். கீழே ஏய்ப்பு, நடுவே தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும், உச்சியில் மக்கள் கையிலேயே அதிகாரம். மத்தியான டீ நேரத்தில் அதை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “எழுதுதவனுக்கு எந்தப் படி?” என்றார்.

சிரித்தேன். ராத்திரி படிவங்களை அடுக்கும்போது அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. ‘மனுவின் வகை’ என்று ஒரு கட்டம் இருந்தது: பட்டா, நில அளவை, உதவித்தொகை, குடிநீர், இதர. மனுவில் உள்ளதை அப்படியே குறிக்க வேண்டும் என்பது எனக்கிட்ட உத்தரவு. ஆச்சியின் மனுவுக்கு ‘நில அளவை’ என்று டிக் போட்டிருந்தேன். அன்றைக்கு அந்த மேசையில் எழுதிய எத்தனை அளவை மனு உண்மையில் அளவை மனு? எனக்கு எப்படித் தெரியும்?

மனுக்களின் பதிவேட்டைப் பார்க்க ஆசைப்பட்டு, பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும், வந்தது: அலுவலக நேரத்தில் நேரில் வந்து பார்வையிட்டுக்கொள்ளலாம். தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். போனது நல்லதாயிற்று. பதிவேட்டின் கடைசிக் கட்டங்களில் ‘ஏற்பு’, ‘தள்ளுபடி’, ‘நிலுவை’. தள்ளுபடிக்கு எதிரே அண்ணாச்சி சொன்ன அதே வாக்கியம், சொல் மாறாமல், பக்கம் பக்கமாக. நிலுவையைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து நெருக்குவார்கள், குறைக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. எழுதிய கிளார்க்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் படிவத்தைத்தான் நிரப்பினார்.

எங்கள் திட்டத் தலைவரிடம் சொன்னேன். நல்ல மனிதர். கவனமாகக் கேட்டுவிட்டு, “அடிக்குறிப்புல போட்டுடலாம்” என்றார். அட்டவணை அப்படியே போனது. அதில் முதலிடம் நில அளவைக்கு. தாலுகாவுக்குக் கூடுதல் சர்வேயர் தேவை என்று பரிந்துரையும் எழுதினோம். தேவைதான், ஆனால் அந்த அட்டவணை சொல்கிற காரணத்துக்காக அல்ல.

ஆகஸ்டில் ஆச்சியின் வயலை அளக்கிற நாளில் நானும் போனேன். வாழை இலைகளைக் காற்று கிழித்துக்கொண்டிருந்தது. சர்வேயர் சங்கிலியை இழுத்து மூலைக்கு மூலை கல் தேடினார். ஆச்சி கல் பக்கமே போகவில்லை. முள்வேலிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அளவைப் பார்க்க வந்த ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராக அங்கேயே வந்து நின்றார்கள். பக்கத்து வயல்காரர் புலப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், யார் முகத்தையும் பார்க்கவில்லை. “பாதை விஷயம் எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று சர்வேயர் உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டு, டீ குடித்து வருகிறேன் என்று விஏஓவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது.

அதற்குள் ஓர் ஆள் நுழைகிற அகலத்துக்கு முள் விலகியிருந்தது. தலையில் தார் இருந்தால் இரண்டு பக்கமும் உரசும். மாடு போகாது.

ஆச்சி அந்த இடைவெளியில் ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்து பார்த்தார். பிறகு என் அட்டையைப் பார்த்து, “ஏளா, ஒன் நோட்டுல என்னன்னு எழுதியிருக்க?” என்று கேட்டார்.

“பாதைன்னு எழுதியிருக்கேன் ஆச்சி” என்றேன். படிவத்தில் ‘நில அளவை, ஏற்பு’ என்றுதான் இருந்தது.